எச்சில் பெட்டியில் குடியும் புகையும்: மரபணுச் சோதனையை பீடோங் குடும்பங்கள் வாங்கலாமா?

பெட்டி சின்னதுதான், பள்ளிப் பிள்ளையின் பென்சில் டப்பா அளவு. உள்ளே புனல் வைத்த ஒரு பிளாஸ்டிக் குழாய், அதற்கு மூடி, பார்கோடு ஒட்டுத்தாள், திருப்பி அனுப்ப ஒரு கூரியர் உறை. இணையத்தில் சில நூறு ரிங்கிட் கட்டினால் கெடாவின் பீடோங் வீட்டு வாசலுக்கே வந்துவிடும். எச்சிலைத் துப்பி அனுப்பினால் சில வாரங்களில் கைப்பேசிக்கு அறிக்கை வரும். உடல் எடை, தூக்கம், காப்பி, முடி உதிர்வு என்று பல பக்கங்கள். அவற்றில் இரண்டே பக்கங்களைத்தான் இங்கே எடைபோடுகிறோம்: ‘நிக்கோட்டின் சார்பு’, ‘மது சார்பு’. சார்பு என்றால் விட முடியாமல் அடிமைப்படுவது. ஒவ்வொன்றுக்கும் பச்சை, மஞ்சள், சிவப்பு என ஒரு வண்ணம் போட்டுக் கொடுக்கிறார்கள்.

நிறுவனத்தின் பெயரைச் சொல்லவில்லை. சந்தையில் உள்ள இந்த வகைப் பெட்டிகள் ஏறக்குறைய ஒரே வார்ப்பு. ஒன்றுக்குச் சொல்வது மற்றதற்கும் பொருந்தும்.

இந்த இரண்டு பக்கத்துக்காகவே பெட்டியை வாங்க நினைக்கிறவர்கள் உண்டு. தாத்தா கள்ளுக்கடை, அப்பா சம்சு என்னும் மலிவுச் சாராயம், அண்ணன் பீர், இப்போது பதினாறு வயதுப் பையன் வேப்போடு (மின்சிகரெட்) பிடிபட்டிருக்கிறான். ‘இது ரத்தத்திலேயே இருக்கிறதா?’ என்று ஒரு தாய் கேட்டால் அது நியாயமான கேள்வி. அந்தக் கேள்விக்கு இந்தப் பெட்டியில் பதில் இல்லை. ஏன் இல்லை என்பதை விவரமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் அறிக்கையில் அச்சாகும் மரபணுக்கள் பொய்யில்லை. அவற்றின் பின்னால் உண்மையான அறிவியல் இருக்கிறது. அந்த அறிவியலை நம் வீட்டுக்குள் கொண்டுவரும்போதுதான் கோணலாகிறது.

எச்சில் எடுக்கும் முறை

முதலில் எளிதான பகுதி. சாப்பிட்டு, குடித்து, புகைத்து, சூயிங்கம் மென்று அரை மணி நேரம் ஆகியிருக்க வேண்டும். வெற்றிலை போடும் பாட்டிக்கு அரை மணி போதாது. பாக்குத் துகளும் சுண்ணாம்பும் ஈறில் தங்கும். வாயை நன்றாகக் கொப்பளித்து, காலையில் முதல் வெற்றிலைக்கு முன்பே எடுப்பது நல்லது. குழாயில் கோடு போட்டிருக்கும், பெரும்பாலும் இரண்டு மில்லிலிட்டர். நுரை கணக்கில் சேராது. நுரை அடங்கியபின் எச்சில் கோட்டைத் தொட வேண்டும். பலர் நுரையைப் பார்த்துவிட்டு மூடுகிறார்கள், மாதிரி போதவில்லை என்று ஆய்வகம் திருப்பி அனுப்புகிறது. வாய் வறண்டால் நாக்கின் நுனியை மேல் பல்லின் பின்பக்கம் தேய்த்தால் ஊறும்.

மூடியில் ஒரு திரவம் அடைத்து வைத்திருப்பார்கள். ‘கிளிக்’ சத்தம் கேட்கும்வரை அழுத்தினால்தான் அது எச்சிலில் இறங்கும். அது கலந்தால்தான் கிருமிகள் டி.என்.ஏ.வைச் சிதைக்காமல், சாதாரண அறைச் சூட்டிலேயே மாதிரி நாள்கணக்கில் தாங்கும். கலந்தபின் சில நொடிகள் நன்றாகக் குலுக்க வேண்டும். கெடாவின் வெயிலில் மோட்டார்சைக்கிள் கூடைக்குள் அரைநாள் கிடந்தாலும் பிரச்சினையில்லை, திரவம் சரியாகக் கலந்திருந்தால். ஒரே வீட்டில் இரண்டு மூன்று பெட்டி வாங்கினால் பார்கோடு மாறிப்போவதுதான் பெரிய கோளாறு. அண்ணனின் அறிக்கை தம்பிக்கு வரும், யாருக்கும் தெரியாது. ஒருவர் முடித்து, ஒட்டி, உறையில் போட்டபின்தான் அடுத்தவர் தொடங்க வேண்டும்.

இந்த வேலையில் பெட்டிக்கு நல்ல மதிப்பெண் தரலாம். சொல்லிக் கொடுக்கும் படங்கள் தெளிவு, குழாய் ஒழுகுவதில்லை. ஆய்வகத்திலும் வேலை ஒழுங்காகத்தான் நடக்கிறது. ஒரு சில்லின் (சிப்) மேல் டி.என்.ஏ.வின் லட்சக்கணக்கான இடங்களில் எந்த எழுத்து இருக்கிறது என்று ஒரே நேரத்தில் படிக்கிறார்கள், பெரும்பாலான இடங்களில் சரியாகவே படிக்கிறார்கள். கோளாறு படித்ததில் இல்லை.

நிக்கோட்டின் பக்கம்

இந்தப் பக்கத்தின் முதல் வரியில் சி.எச்.ஆர்.என்.ஏ.5 என்ற மரபணு வரும். 15ஆம் குரோமோசோமில் இருப்பது. நிக்கோட்டின் வந்து ஒட்டும் ‘வாங்கி’ (ரிசெப்டர்) என்ற புரதத்தின் ஓர் உறுப்பைச் செய்வது இதன் வேலை. இதில் ஓர் எழுத்து மாறினால் புரதத்தின் 398ஆம் இடத்தில் அஸ்பார்டிக் அமிலத்துக்குப் பதில் அஸ்பராஜின் உட்காரும், வாங்கியின் சுறுசுறுப்பு குறையும். மூளையில் ஹபெனுலா என்று ஒரு சின்னப் பகுதி உண்டு. நிக்கோட்டின் அளவு மீறும்போது ‘போதும்’ என்று குமட்ட வைக்கும் தடம் அங்கிருந்துதான் தொடங்குகிறது. வாங்கியின் அந்த உறுப்பே இல்லாமல் வளர்த்த எலிகள் மற்ற எலிகள் ஒதுங்கும் அளவையும் தாண்டி நிக்கோட்டின் எடுத்துக்கொண்டதை 2011இல் காட்டினார்கள். அதாவது இந்த மாற்றம் ஆசையைக் கூட்டுவதைவிட, தடுப்பைத் தளர்த்துகிறது.

2008இல் மூன்று ஆய்வுக் குழுக்கள் தனித்தனியே இந்த இடத்தை நுரையீரல் புற்றுநோயோடு சேர்த்துக் கண்டபிறகு இது புகழ்பெற்றது. புகைப்பழக்கத்தில் இதுவரை கிடைத்த தனி மரபணு விளைவுகளில் மிக உறுதியானது இதுதான். சரி, எவ்வளவு பெரியது? ஒரு பிரதிக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய ஒரு சிகரெட். அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று என இரண்டு பிரதியும் வாங்கியவர், புகைப்பவராக இருந்தால், சராசரியில் இரண்டு சிகரெட் கூடுதலாகப் பிடிப்பார். இருபது சிகரெட் பெட்டியில் இரண்டு. அதற்குத்தான் அறிக்கை சிவப்புப் பூசுகிறது. புகைக்கத் தொடங்காதவருக்கு அந்தச் சிவப்பால் ஒன்றுமில்லை. இந்த மரபணு தொடங்கிவிட்டவர் எவ்வளவு பிடிப்பார் என்பதைத்தான் அசைக்கிறது, யார் தொடங்குவார் என்பதை அல்ல. பதினாறு வயதுப் பையனைப் பற்றிய தாயின் கேள்விக்கு இந்த வரி எட்டுவதே இல்லை.

அடுத்தது சி.ஒய்.பி.2ஏ6. உண்மையில் பயன்படக்கூடிய தகவல் இங்கேதான் இருக்கிறது. உடலுக்குள் போன நிக்கோட்டினில் எழுபது, எண்பது விழுக்காட்டைக் கல்லீரலில் கோட்டினினாக மாற்றுவது இந்த நொதி. இது வேகமாக ஓடுகிறவருக்கு நிக்கோட்டின் சீக்கிரம் தீர்ந்துபோகும், அடுத்த சிகரெட்டைக் கை தேடும். மெதுவாக ஓடுகிறவர் குறைவாகப் பிடிப்பார், விடுவதும் சற்று எளிது. 2015இல் வெளிவந்த ஒரு சிகிச்சை ஆய்வில் 1,246 பேரை ரத்தத்தில் உள்ள கோட்டினின் விகிதத்தை வைத்து இரண்டாகப் பிரித்தார்கள். சாதாரண வேகத்தில் நிக்கோட்டினைக் கரைப்பவர்களுக்கு தோலில் ஒட்டும் நிக்கோட்டின் ஒட்டுப்பட்டையைவிட, புகையை விட உதவும் வெரெனிக்ளின் மாத்திரை நன்றாக வேலை செய்தது. மெதுவாகக் கரைப்பவர்களுக்கு இரண்டும் ஒன்றுபோல. மாத்திரையின் பக்கவிளைவுதான் அவர்களுக்குக் கூட. மருந்தைத் தேர்ந்தெடுக்க உதவும் தகவல் இது. இப்படி ஒன்றுக்காக ஒருவர் பணம் கொடுத்தால் குறை சொல்ல முடியாது.

ஆனால் அந்த ஆய்வில் அளந்தது ரத்தத்தை, எச்சில் டி.என்.ஏ.வை அல்ல. சில்லுக்குச் சி.ஒய்.பி.2ஏ6 ஒரு தலைவலி. பக்கத்திலேயே சி.ஒய்.பி.2ஏ7 என்று ஏறக்குறைய அதே முகமுள்ள ஓர் அண்டை மரபணு இருக்கிறது. சிலருக்கு 2ஏ6 முழுவதுமே அழிந்திருக்கும், சிலருக்கு இரட்டித்திருக்கும், சிலருக்கு அண்டையோடு ஒட்டிக் கலந்திருக்கும். ஓரிரு எழுத்துகளை மட்டும் பார்க்கும் சில்லு இவற்றைத் தவறவிடும். அதிகம் பயன்படக்கூடிய மரபணுவையே மலிவுப் பெட்டி மிக மோசமாகப் படிக்கிறது. ‘சாதாரண வேகம்’ என்று அறிக்கை சொன்னால், ‘நாங்கள் தேடிய மாற்றம் கிடைக்கவில்லை’ என்று மட்டும் படித்துக்கொள்ளுங்கள்.

இவற்றோடு டி.ஆர்.டி.2 என்ற ‘இன்ப மரபணு’ வரியும் வரும். 1990இல் இதை ‘குடிநோய் மரபணு’ என்று பெரிதாக அறிவித்தார்கள். பின்வந்த ஆய்வுகளில் அந்த அளவு நிற்கவில்லை. சில்லு பார்க்கும் அந்தக் குறிப்பிட்ட எழுத்து டி.ஆர்.டி.2க்குள்ளேயே இல்லை, பக்கத்து மரபணுவில் இருக்கிறது என்பதும் 2004இல் தெரிந்துவிட்டது. இன்றும் அந்த ஓர் எழுத்தை வைத்து ‘உங்கள் இன்ப வேட்கை’ என்று பத்தி எழுதித் தருவது வாங்குகிறவருக்குச் செய்யும் அநியாயம்.

மதுப் பக்கம்: தமிழருக்குத் தப்பாகத் தைத்த சட்டை

சாராயம் உடலில் இரண்டு படியாகக் கரைகிறது. முதல் படியில் ஏ.டி.எச். நொதி எத்தனாலை அசிட்டால்டிஹைடாக மாற்றும். இரண்டாம் படியில் ஏ.எல்.டி.எச்.2 அந்த அசிட்டால்டிஹைடை அசிட்டேட்டாக மாற்றும். நடுவில் வரும் அசிட்டால்டிஹைடுதான் நஞ்சு. அது தேங்கினால் முகம் சிவக்கும், நெஞ்சு படபடக்கும், குமட்டும், குடித்தவர் கிளாசைத் தள்ளிவைப்பார். ஆகவே முதல் படியை வேகமாக்கும் மாற்றமும் இரண்டாம் படியைத் தடுக்கும் மாற்றமும் குடிநோயிலிருந்து காக்கும். மது விஷயத்தில் இவை இரண்டையும் விட வலுவான மரபணு விளைவு இதுவரை கிடைக்கவில்லை.

கிழக்கு ஆசியரிடம் இரண்டும் மிகப் பரவலாக உண்டு. நம் ஊர்ச் சீன நண்பர் அரை டின் பீருக்கே முகம் சிவப்பதைப் பார்த்திருப்போம், அது ஏ.எல்.டி.எச்.2 மாற்றம். தமிழரிடம் ஏ.எல்.டி.எச்.2 மாற்றம் இல்லை என்றே சொல்லலாம், முதல் படியை வேகமாக்கும் ஏ.டி.எச்.1பி வடிவமும் மிகக் குறைவு.

இப்போது அறிக்கையைப் பாருங்கள். ஏ.டி.எச்.1பி வரியில் ‘காக்கும் வடிவம் இல்லை’ என்று சிவப்பு. ஏ.எல்.டி.எச்.2 வரியில் ‘மதுவை இயல்பாகக் கரைக்கிறீர்கள்’ என்று பச்சை. முதல் சிவப்பு பீடோங்கில் உள்ள தமிழர் ஏறக்குறைய எல்லோருக்கும் வரும். குடியையே தொடாத கோயில் பண்டாரத்துக்கும் வரும், காலையிலேயே சம்சு தேடுகிறவருக்கும் வரும். எல்லோருக்கும் ஒரே எடை காட்டும் தராசால் யாருக்குப் பயன்? இரண்டாவது பச்சை அதைவிட மோசம். ‘இயல்பாகக் கரைக்கிறீர்கள்’ என்பதை ‘உன் உடம்பு தாங்கும்’ என்று ஒருவர் படிப்பார். உண்மையில் அதன் பொருள் நேர் எதிர்: உங்களைத் தடுத்து நிறுத்தும் குமட்டல் உங்களுக்கு இல்லை. ஒரே பக்கத்தில் ஒரே செய்திக்கு இரண்டு வண்ணம். இந்த ஒரு குறைக்காகவே மதுப் பக்கத்துக்கு நாம் பூஜ்யம் தருகிறோம்.

ஒரு விதிவிலக்கு உண்டு. அம்மாவோ பாட்டியோ சீனராக இருக்கும் குடும்பங்களில், தோட்டத்தில் தத்தெடுத்து வளர்த்த சீனப் பெண்பிள்ளைகளின் வழிவந்தவர்களிடம், ஏ.எல்.டி.எச்.2 வரி பொருளுள்ளது. அந்த மாற்றம் ஒரு பிரதி இருந்தும் தொடர்ந்து குடிப்பவருக்கு உணவுக்குழாய்ப் புற்றுநோய் ஆபத்து பல மடங்கு ஏறுகிறது. புகையும் சேர்ந்தால் இன்னும் மோசம். அதற்கும் பெட்டி அவசியமில்லை. ‘குடிக்கத் தொடங்கிய முதல் ஓரிரு ஆண்டுகளில், ஒரு கிளாஸ் பீருக்கே முகம் சூடாகிச் சிவந்ததா?’ என்று கேட்டாலே பெரும்பாலும் தெரிந்துவிடும். கறுத்த தோலில் சிவப்பு தெரியாது. காது மடல் சூடாவதையும் நெஞ்சு படபடப்பதையும் கேளுங்கள். சிவப்பை மறைக்க அசிடிட்டி மாத்திரை போட்டுக்கொண்டு குடிப்பவர்கள் உண்டு. சிவப்பு மறையும், அசிட்டால்டிஹைடு உள்ளேயே இருக்கும்.

அவ்வளவு வலுவான அந்தக் காப்புகூடக் காலம் மாறினால் என்ன ஆகும் என்பதற்கு ஜப்பான் சாட்சி. அங்கே சிகிச்சைக்கு வந்த குடிநோயாளிகளில் ஏ.எல்.டி.எச்.2 மாற்றத்தின் ஒரு பிரதி உள்ளவர்கள் 1979இல் 2.5 விழுக்காடு. 1986இல் 8. 1992இல் 13. பதின்மூன்று ஆண்டில் ஒரு நாட்டு மக்களின் மரபணு மாறாது. குடிக்கச் சொல்லும் ஊர்தான் மாறியது, காப்பு இருந்தவர்களையும் அது இழுத்துக்கொண்டது.

இதைப் பீடோங்கில் வைத்துப் பேசுவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. 1947இல் ஏ. எம். சாமியின் தொண்டர் படை கள்ளுக்கடைகளுக்கு எதிராக மறியல் செய்த வட்டாரம் இது. ஹார்வர்டு தோட்டத்திலிருந்து கிளம்பிய படை. அதற்கு முன் 1941இல் கிள்ளான் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளிலும் கள்ளுக்கடையை மூடு என்பது ஒன்று. டி.என்.ஏ.வின் வடிவமே அப்போது யாருக்கும் தெரியாது. சம்பள நாளில் கூலிக்காரன் வீடு திரும்பும் வழியில் கடை இருக்கிறது என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. நோயின் பாதிக் காரணத்தை அவர்கள் சரியாகப் பிடித்துவிட்டார்கள்.

‘ஐம்பது விழுக்காடு’ என்றால்?

மீதிப் பாதி? இரட்டையர் ஆய்வுகளையும் தத்துப்பிள்ளை ஆய்வுகளையும் சேர்த்துப் பார்த்தால் குடிநோயில் மரபின் பங்கு ஏறக்குறைய 50 விழுக்காடு. நிக்கோட்டின் சார்பிலும் அதற்கு அருகில்தான். இந்த எண்ணை அறிக்கையின் முகப்பில் பெரிதாகப் போடுகிறார்கள், படிக்கிறவர் ‘என் பையனுக்குக் குடிநோய் வர பாதி வாய்ப்பு’ என்று எடுத்துக்கொள்கிறார். அது தவறு. ஒரு கூட்டத்தில் ஒருவருக்கும் இன்னொருவருக்கும் உள்ள வேறுபாட்டில் எவ்வளவு மரபால் வந்தது என்பதையே அந்த எண் சொல்கிறது. தனி ஆளைப் பற்றி அது பேசவில்லை. ஊர் மாறினால் எண்ணும் மாறும். ஸ்வீடன் இரட்டையரை வைத்து 2000இல் வெளியான ஆய்வில், 1925க்கு முன் பிறந்த பெண்களின் புகைப்பழக்கத்தில் மரபின் பங்கு ஏறக்குறைய பூஜ்யம். 1940க்குப் பிறகு பிறந்த பெண்களிடம் அது ஆண்களுக்குச் சமமாக அறுபதைத் தாண்டியது. முந்தைய தலைமுறைப் பெண்ணிடமும் அதே மரபணுதான் இருந்தது. சிகரெட்டைக் கையில் எடுக்க ஊர் விடவில்லை, அதனால் மரபணுவுக்கு வேலையில்லை. நம் தோட்டத்துப் பாட்டிமாரை நினைத்துப் பாருங்கள், புரியும்.

‘அப்பன் குடிகாரன், மகன் வேறெப்படி இருப்பான்’ என்று பேசுகிறவர்களுக்கு ஓர் எண் வைத்துக்கொள்ளுங்கள். டென்மார்க்கில் 1973இல் ஒரு தத்து ஆய்வு. குடிநோயாளிகளுக்குப் பிறந்து, சில வாரத்திலேயே வேறு வீட்டுக்குத் தத்துப்போன மகன்களில் 18 விழுக்காட்டினருக்குக் குடிநோய் வந்தது. மற்ற தத்துப்பிள்ளைகளில் 5. ஏறக்குறைய நாலு மடங்கு, சின்ன வித்தியாசம் அல்ல. ஆனால் மீதி 82 பேருக்கு அது வரவில்லை என்பதும் அதே எண்ணுக்குள் இருக்கிறது.

விலை கூடிய சில பெட்டிகள் ஒற்றை மரபணுவை விட்டு, ஆயிரக்கணக்கான மாற்றங்களைக் கூட்டி ஒரு மதிப்பெண் தருகின்றன. அறிவியல் போகும் திசை அதுதான். 2019இல் 12 லட்சம் பேரை வைத்து, புகை, மதுப் பழக்கங்களோடு தொடர்புள்ள 566 மாற்றங்களைக் கண்டார்கள், எல்லோரும் ஐரோப்பிய வம்சாவளியினர். 2022இல் 34 லட்சம் பேரை வைத்து 3,823 மாற்றங்கள். இம்முறை ஐரோப்பியர், ஆப்பிரிக்கர், கிழக்கு ஆசியர், அமெரிக்கக் கலப்பினர் என நான்கு பிரிவுகள், ஐரோப்பியர் அல்லாதவர் ஐந்தில் ஒரு பங்கு. தெற்காசியர் அதில் தனிப் பிரிவாக இல்லை. ஐரோப்பியரை அளந்து வெட்டிய அந்த மதிப்பெண் ஐரோப்பியருக்கே ஓரளவுதான் பொருந்துகிறது, மற்றவர்களிடம் இன்னும் தளர்கிறது. தமிழர் மாதிரிகள் போதிய அளவில் சேரும்வரை, ‘உங்கள் ஆபத்து 72/100’ என்ற வரிக்குப் பணம் கொடுக்க வேண்டாம்.

பெட்டி கேட்காத இரண்டு கேள்விகள்

ஒரு வெள்ளைத்தாளில் மூன்று தலைமுறையை எழுதுங்கள். தாத்தா பாட்டி, அப்பா அம்மா, அவர்களின் உடன்பிறப்புகள், பிள்ளைகள். ஒவ்வொரு பெயருக்கும் கீழே: தினம் குடித்தாரா, எந்த வயதில் தொடங்கினார், குடியால் வேலையையோ குடும்பத்தையோ இழந்தாரா, கல்லீரல் கெட்டு இறந்தாரா, எத்தனை முறை விட முயன்றார். புகைக்கும் அப்படியே. அப்பா, அம்மா, அண்ணன் தம்பி, அக்கா தங்கை வட்டத்தில் குடிநோய் இருக்கிறதா என்ற அந்த ஒரு விவரம், இன்றைய எச்சில் அறிக்கையைவிட நன்றாக எச்சரிக்கும். செலவு ஒரு தாள். அத்தைமார் வாயைத் திறக்க வைப்பதுதான் கடினம். ‘நெஞ்சுவலியில் போனார்’ என்று சொல்லி முடித்திருக்கும் மாமாவைப் பற்றி மறுபடியும் பொறுமையாகக் கேளுங்கள்.

இரண்டாவது கேள்வி: தொடங்கிய காலத்தில் எத்தனை கிளாசில் போதை ஏறியது? கலிபோர்னியாவில் மார்க் ஷுக்கிட் என்ற மனநல ஆய்வாளர் குடிநோயாளிகளின் மகன்களைப் பல ஆண்டு தொடர்ந்து பார்த்தார். இளவயதில் மதுவுக்கு உடம்பு குறைவாக அசைந்தவர்களே பின்னாளில் அதிகம் குடிநோய்க்கு ஆளானார்கள். நம் கல்யாண வீடுகளில் ‘நாலு போத்தல் போட்டாலும் அசையமாட்டான், ஆம்பளை’ என்று முதுகில் தட்டுகிறோமே, அந்தப் பையன்தான் முதலில் கவனிக்கப்பட வேண்டியவன். சீக்கிரம் தள்ளாடுகிறவனுக்கு உடம்பு மணி அடிக்கிறது. இவனுக்கு அடிக்கவில்லை. இந்த ஒரு செய்தி வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்தாலே நூறு பெட்டி விற்றதைவிட மேல்.

அந்தரங்கம் பற்றி ஒரு சொல்

எச்சிலோடு அனுப்புவது நம் ஒருவர் விவரம் மட்டுமல்ல, உடன்பிறந்தவர்களுடையதும் பிள்ளைகளுடையதும். கடவுச்சொல்லை மாற்றலாம், மரபணுவை மாற்ற முடியாது. உலகின் மிகப் பெயர்பெற்ற எச்சில் சோதனை நிறுவனமான 23அண்ட்மீயிலிருந்தே 2023இல் சுமார் 69 லட்சம் பேரின் விவரங்கள் கசிந்தன. 2025 மார்ச்சில் அது திவால் பாதுகாப்பு கேட்டு நீதிமன்றம் போனது. வாங்கியே தீருவேன் என்றால், மாதிரியை எங்கே வைக்கிறார்கள், கேட்டால் அழிப்பார்களா, ஆராய்ச்சிக்கு விற்பார்களா என்று மூன்றையும் எழுத்தில் கேளுங்கள். பதினெட்டு வயது ஆகாத பிள்ளையின் எச்சிலை அனுப்பாதீர்கள். அந்த முடிவு அவன் பெரியவனானபின் எடுக்க வேண்டியது.

பெட்டிக்குப் பதில் அரசு கிளினிக்

புகையை விட நினைப்பவருக்குப் பெட்டியைவிட அரசு சுகாதாரக் கிளினிக்கின் புகை நிறுத்தச் சேவை எல்லா வகையிலும் மேல். 2004 முதல் அரசு கிளினிக்குகளில் நடக்கிறது. குடிமக்களுக்கு வெளிநோயாளிக் கட்டணம் ஒரு ரிங்கிட். பதிவு முகப்பில் ‘பெர்ஹெந்தி மெரோக்கோக்’ (மலாயில் ‘புகை நிறுத்தம்’) என்று சொன்னால் போதும்.

முதலில் நிக்கோட்டின் சார்பை அளக்கும் ஃபாகர்ஸ்ட்ராம் கேள்வித்தாள், ஆறு கேள்வி, பத்து மதிப்பெண். அதில் கனமான கேள்விகளில் ஒன்று: எழுந்து எத்தனை நிமிடத்தில் முதல் சிகரெட்? ஐந்து நிமிடத்துக்குள் என்றால் சார்பு ஆழம். விடிகாலை நாலரைக்கு எழுந்து, ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போகுமுன் கோப்பியோடு ஒன்று பற்றவைப்பவரிடம் மரபணுவைக் கேட்க வேண்டியதில்லை. பிறகு குழாயில் ஊதச் சொல்லி கார்பன் மோனாக்சைடு அளப்பார்கள். பத்துக்கு மேல் காட்டினால் அண்மையில் புகைத்திருக்கிறார். இரண்டு நாள் விட்டால் எண் இறங்குவதை அவரே பார்க்கலாம், அது நல்ல ஊக்கம். வேப்பில் எதுவும் எரிவதில்லை, ஆகவே இந்தக் கருவி வேப்பைக் காட்டாது. பையன் ஊதி எண் குறைவாக வந்தால் நம்பிவிடாதீர்கள்.

மருந்தில்தான் பலர் வழுக்குகிறார்கள். நாளுக்குப் பத்துக்கு மேல் பிடிப்பவருக்கு 24 மணி நேர ஒட்டுப்பட்டை: 21 மில்லிகிராமில் ஆறு வாரம், 14இல் இரண்டு வாரம், 7இல் இரண்டு வாரம். குளித்துத் துடைத்த, முடியில்லாத தோலில் ஒட்டி, உள்ளங்கையால் பத்து நொடி அழுத்த வேண்டும். தேங்காய் எண்ணெய் தடவிய தோலில் ஒட்டாது. செம்பனைக் குலை வெட்டுகிறவருக்கு வியர்வையில் மேற்கை பட்டை கழன்று விழும், முதுகின் மேல்பகுதி நிற்கும். தினம் இடம் மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் தோல் வெந்துபோகும். கெட்ட கனவு வந்தால் படுக்குமுன் கழற்றலாம்.

நிக்கோட்டின் கம்மைச் சூயிங்கம்போல் மென்று விழுங்கினால் விக்கல், வயிற்றெரிச்சல், ‘மருந்து ஒத்துக்கொள்ளவில்லை’ என்ற புகார். மெதுவாக மென்று, காரம் ஏறியதும் கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே ஒதுக்கி வைத்து, காரம் போனதும் மறுபடி மெல்ல வேண்டும், அரை மணி நேரம். எழுந்து அரை மணிக்குள் புகைப்பவருக்கு 4 மில்லிகிராம், மற்றவருக்கு 2. முன்னும் இடையிலும் ஒரு கால் மணி கோப்பியோ குளிர்பானமோ கூடாது. வாயில் புளிப்பு இருந்தால் நிக்கோட்டின் உறிஞ்சப்படாது. முதல் ஆறு வாரம் ஒன்று, இரண்டு மணிக்கு ஒன்று. ஆசை வந்தபின் தேடுவதைவிட நேரம் வைத்துப் போடுவது வேலை செய்யும்.

யாரும் சொல்லாத ஒன்று: புகையின் தார், காப்பீனைக் கரைக்கும் நொதியை முடுக்கிவிடுகிறது. சிகரெட்டை விட்டதும் அந்த வேகம் குறையும், பழைய அளவு கோப்பி குடித்தால் ரத்தத்தில் காப்பீன் ஏறும். கை நடுக்கம், தூக்கமின்மை, எரிச்சல் எல்லாம் வரும், ‘சிகரெட் இல்லாமல் முடியவில்லை’ என்று தோன்றும். விடும் நாளிலிருந்து கோப்பியைப் பாதியாக்குங்கள்.

இந்தச் சேவையின் குறை: மருந்து எல்லா நேரமும் இருப்பில் இருப்பதில்லை, நாள்கூலிக்காரர் தொடர் சந்திப்புகளுக்கு வேலையை விட்டு வருவது சிரமம். போகுமுன் தொலைபேசியில் இருப்பைக் கேட்டு, முதல் ஒரு மாதத்துச் சந்திப்புத் தேதிகளை மொத்தமாக வாங்கி மண்டோரிடம் (வேலை மேற்பார்வையாளர்) சொல்லிவையுங்கள்.

மதுவுக்கு அதே கிளினிக்கில், குடியின் ஆபத்தை அளக்கும் ஆடிட் கேள்வித்தாள் கேளுங்கள். உலகச் சுகாதார நிறுவனத்தின் பத்துக் கேள்வி, நாற்பது மதிப்பெண். எட்டு வந்தால் எச்சரிக்கை, இருபதோ அதற்கு மேலோ வந்தால் சார்பு இருக்கலாம், மருத்துவர் ஆழமாகப் பார்க்க வேண்டும். பதில் சொல்லும்போது அளவை ஏமாற்றிக்கொள்ள வேண்டாம். 320 மில்லி, 5 விழுக்காட்டு பீர் டின்னில் சுமார் 12.6 கிராம் சாராயம். 37 விழுக்காட்டுச் சம்சு 150 மில்லியில் 44 கிராம், அதாவது மூன்றரை டின். ‘ஒரு சின்ன போத்தல்தான்’ என்பதை ஒன்று என்று எழுதினால் மதிப்பெண் பொய்யாகும்.

பல ஆண்டாகத் தினம் குடிப்பவரைக் கோயில் சத்தியத்தோடு ஒரே நாளில் நிறுத்த வைக்காதீர்கள். கடைசிக் கிளாசுக்குப் பின் ஆறு மணியிலிருந்து நடுக்கமும் வியர்வையும் தொடங்கும். இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டு மூன்று நாளில் இல்லாததைப் பார்த்துப் பேசும் குழப்பம் வந்தால் உயிருக்கே ஆபத்து. மருத்துவமனையில் மருந்தோடு நிறுத்த வேண்டியது இது. சர்க்கரை ஏற்றுமுன் வைட்டமின் பி1 கொடுக்க வேண்டும், அவர் தினம் குடிப்பவர் என்பதை மறைக்காமல் சொன்னால்தான் அதைச் செய்வார்கள்.

பெட்டியை ஏற்கெனவே வாங்கி, அறிக்கையும் கைக்கு வந்துவிட்டதென்றால்: மதுப் பக்கத்தின் வண்ணங்களை விட்டுவிடுங்கள். சி.ஒய்.பி.2ஏ6இல் ‘மெதுவான வேகம்’ என்று வந்திருந்தால் மட்டும் அந்தப் பக்கத்தை அச்செடுத்துக் கிளினிக்குக்கு எடுத்துப் போங்கள், மருந்தைப் பேசும்போது உதவலாம். பிறகு கணக்குக்குள் போய், எச்சில் மாதிரியை அழிக்கச் சொல்லும் பொத்தானைத் தேடுங்கள். பெரும்பாலும் அது அமைப்புகள் பக்கத்தின் அடியில் இருக்கும்.